நிலமும் நினைவும்: இலினோய் மாநிலத்தின் வரலாற்றுப் பூங்காக்கள்

ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், மேற்கே மிசிசிப்பி ஆற்றையும் தெற்கே ஓகியோ ஆற்றையும் வடகிழக்கே மிச்சிகன் ஏரியையும் எல்லைகளாகக் கொண்டு கிடப்பது இலினோய் மாநிலம். மலை என்று சொல்லத்தக்கது அங்கே இல்லை. ஒரு காலத்தில் ஆளுயரப் புல் மண்டியிருந்து, இன்று சோளமும் சோயா அவரையும் விளையும் சமநிலமே அதன் பெரும்பகுதியாகும். 1818 இல் மாநில உரிமை பெற்ற இந்நிலத்திற்கு ‘லிங்கனின் நாடு’ என்பது சிறப்புப் பெயர். வாகனங்களின் இலக்கத் தகடுகளிலும் அப்பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. இயற்கையின் விந்தைகளைத் தேடிச் செல்வோர்க்கு இம்மாநிலம் அதிகம் தருவதன்று. ஆனால் அதன் வரலாற்றுப் பூங்காக்களையும், நடந்து செல்வதற்கெனப் பேணப்படும் பழைய வழித்தடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு செல்பவர், ஒரு சமுதாயம் தன் கடந்த காலத்தை எவ்வாறு தெரிந்தெடுத்து நினைவுகூர்கின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது என உணர்வர்.

வரலாற்றுப் பூங்கா ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டுகள் உரியன. ஒன்று, அவ்விடத்தில் நிகழ்ச்சி நடந்த ஆண்டு. மற்றையது, அந்நிலம் பேணற்குரியது என்று பிற்காலத்து அரசு கருதி அதனை விலைக்கு வாங்கிய ஆண்டு. அறிவித்தற் பலகைகள் முதலாவதையே பெரிய எழுத்திற் பொறிக்கின்றன. இரண்டாவதும், இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்நிலம் யாருக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதும் பெரும்பாலும் சிற்றெழுத்திலேயே கிடைக்கும். வரலாற்று மாணவர் ஊன்றிப் படிக்க வேண்டியது அச்சிற்றெழுத்தையே.

மாநிலத்தின் தென்மேற்கில், சென் லூயிஸ் நகருக்கு நேர் கிழக்கே, மிசிசிப்பியின் வண்டல் நிலத்தில் அமைந்துள்ள கஹோக்கியா மண்மேடுகள் காலத்தால் மூத்தவை. ஐரோப்பியர் வருவதற்கு முன், இன்றைய மெக்சிக்கோவுக்கு வடக்கே எழுந்த குடியிருப்புக்களுள் மிகப் பெரியது இதுவே. கி. பி. 1050 அளவில் விரைந்து வளர்ந்த இந்நகரில், உச்ச நிலையிற் பத்தாயிரம் தொடக்கம் இருபதாயிரம் வரையான மக்கள் வாழ்ந்தனர் என்பது தொல்லியலாளர் பலரின் கணிப்பு. ஏறத்தாழ ஆறு சதுர மைல் பரப்பில் 120 மண்மேடுகள் எழுப்பப்பட்டிருந்தன. நடுநாயகமாக விளங்குவது நூறு அடி உயரமும் பதினான்கு ஏக்கருக்குக் குறையாத அடிப்பரப்பும் உடைய பெருமேடு. அதிற் குவிந்துள்ள மண் ஏறத்தாழ இரண்டு கோடியே இருபது இலட்சம் கன அடி எனக் கணக்கிடப்பட்டுள்ளது. சக்கரமும் சுமைவிலங்கும் அறியாத மக்கள் அவ்வளவு மண்ணையும் கூடைகளில் அள்ளித் தலையிலும் முதுகிலும் சுமந்து கொட்டினர் என்பதை மனங்கொண்டு, அம்மேட்டின் படிகளில் ஏறிப் பார்த்தல் வேண்டும். உச்சியில் நின்றால் மேற்கே சென் லூயிஸ் நகரின் உருக்கு வளைவு தெரிகின்றது.

இம்மக்கள் தம்மை என்ன பெயரால் அழைத்தனர் என்பதை எவரும் அறியார். எழுத்து அவர்களிடம் இருக்கவில்லை. கஹோக்கியா என்ற பெயர், நகரம் கைவிடப்பட்டு மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின், பதினேழாம் நூற்றாண்டில் அப்பகுதியில் வாழ்ந்த இலினி இனத்தாரின் ஒரு கிளையைக் குறித்தது. பெருமேட்டுக்கு வழங்கும் ‘துறவியர் மேடு’ என்ற பெயரோ அதனினும் புதியது. 1809 முதல் 1813 வரை அருகிலே குடியிருந்த ட்ராப்பிஸ்ட் சபைத் துறவிகளால் வந்தது. நான்காண்டு தங்கிச் சென்றோர் பெயர் நிலைத்துவிட, நானூறு ஆண்டுகள் உழைத்துக் கட்டியோர் பெயர் அழிந்தமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

1967 தொடக்கம் 1971 வரை மெல்வின் பௌலர் தலைமையில் 72ஆம் இலக்க மேட்டில் நடந்த அகழ்வாய்வு இச்சமுதாயத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. இருபதினாயிரம் சங்குமணிகளாலான விரிப்பின்மேற் கிடத்தப்பட்ட உடலும், அதனைச் சூழ இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளும் அங்கே வெளிப்பட்டன. ஒரே குழியில் ஐம்பதுக்கு மேற்பட்ட இளம்பெண்கள் வரிசையாகப் புதைக்கப்பட்டிருந்தனர். பலியிடப்பட்டோர் என்பதே பெரும்பாலோரின் முடிபு. பூர்வகுடிகள் யாவரும் ஏற்றத்தாழ்வு அறியாத எளிய வேடுவர் என்ற கற்பனைக்கும், பண்டை நகரங்கள் யாவும் பொற்காலம் என்ற மற்றொரு கற்பனைக்கும் அக்குழி ஒருங்கே விடையிறுக்கின்றது. 1350 அளவில் நகரம் வெறிச்சோடியது. வெள்ளம், வறட்சி, காடழிவு, உட்பூசல் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. எதிலும் அறிஞர் ஒருமித்தாரல்லர்.

கஹோக்கியாவின் பிற்கால வரலாறும் இதே அளவு கவனிக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வெள்ளைக் குடியேறிகள் இம்மேடுகளைப் பூர்வகுடியினர் கட்டினர் என்பதை ஏற்க மறுத்தனர். இசுரவேலின் காணாமற்போன கோத்திரத்தார், வேல்சு நாட்டார், அத்திலாந்திசு மாந்தர் எனப் பலரும் முன்மொழியப்பட்டனர். இது புலமையாளரின் வீண் பொழுதுபோக்கன்று. 1830 டிசெம்பரில், பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே வெளியேற்றும் கொள்கைக்கு நியாயம் கற்பித்துக் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், சனாதிபதி அன்ட்ரூ ஜாக்சன் இம்மேடுகளைச் சுட்டினார். முன்பு இந்நிலத்தில் வலிமை வாய்ந்த ஓரினம் வாழ்ந்து அழிந்தது. அதன் இடத்தில் இன்றைய பழங்குடிகள் வந்தனர். இனி இவர்கள் போகும் முறை எனும் கருத்துப்பட அவர் வாதிட்டார். மேடுகளைக் கட்டியோரின் வழித்தோன்றல்கள் கண்முன்னே நின்றபோது, அவர்களை அந்நியராக்க அம்மேடுகளே சாட்சிக்கு அழைக்கப்பட்டன. ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சார்ந்த சைரஸ் தோமஸ் 1894 இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, மேடுகள் பூர்வகுடிகளின் முன்னோர் கட்டியவையே என நிறுவியது. ஆனால் வெளியேற்றம் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே முடிந்துவிட்டது.

நிலம் பேணப்பட்டதும் இலேசில் நிகழவில்லை. ஆற்றின் மறுகரையிற் சென் லூயிஸ் நகரிலிருந்த பெருமேடு 1869 இல் தகர்க்கப்பட்டு, அதன் மண் புகையிரதப் பாதைக்கு இட்டு நிரப்பப்பட்டது. கஹோக்கியாவின் பவல் மேடு 1930-31 இற் சமன்செய்யப்பட்டது. 1925 இல் மாநில அரசு முதன்முதலில் வாங்கியது 144 ஏக்கர் மட்டுமே. எஞ்சிய நிலத்தில் வீட்டுத்தொகுதியும், சிறு விமான ஓடுதளமும், காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கும் எழுந்தன. 1961 இற் பெருந்தெரு அமைக்கும் வேலைக்கு முன்னோடியாக அவசர அவசரமாகத் தோண்டியபோதுதான், வட்டவடிவில் நடப்பட்டிருந்த மரத்தூண்களின் குழிகளை வாரன் விட்ரி கண்டறிந்தார். ஞாயிற்றின் எழுச்சியை நோக்கிப் பருவங்களைக் கணிக்க அவை உதவின என்பது அவர் கருத்து. பெருந்தெரு வராதிருந்தால் அக்குழிகள் இன்றும் வெளிப்பட்டிருக்க மாட்டா. அது மேலும் சற்று விலகி வந்திருந்தால் அவை அழிந்தே போயிருக்கும். 1982 இல் யுனெஸ்கோ நிறுவனம் கஹோக்கியாவை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

கஹோக்கியாவிலிருந்து வடக்கே, இலினோய் ஆற்றின் தென்கரையில் உள்ளது பட்டினிப்பாறைப் பூங்கா. ஆற்றுக்கு மேல் 125 அடி செங்குத்தாக எழும் மணற்கற் பாறையும், அதனையடுத்த பள்ளத்தாக்குகளும் அருவிகளும் மாநிலத்திலேயே அதிக மக்களை ஈர்ப்பன. 1673 இல் மார்க்கெற் அடிகளாரும் ஜோலியேயும் இவ்வழியே படகிற் சென்றபோது மறுகரையில் இலினி மக்களின் பேரூர் செழித்திருந்தது. 1682-83 இல் லா சால் என்ற பிரான்சியர் பாறைமீது கோட்டை அமைத்தார். மாநில அரசு 1911 இல் இதனைப் பூங்காவாக்கிற்று.

ஆனால் பாறைக்குப் பெயர் தந்தது வரலாறன்று, ஒரு கதை. 1769 இற் கஹோக்கியா ஊரில் ஒட்டாவாத் தலைவர் பொன்டியாக், பியோரியாக் கிளையைச் சேர்ந்த ஒருவனாற் கொல்லப்பட்டார். இதுவரை வரலாறு. அதற்குப் பழிவாங்க வந்த ஒட்டாவாக்களும் பொட்டவாட்டமிகளும் இலினி இனத்தின் எஞ்சியோரை இப்பாறையின்மீது முற்றுகையிட்டு, இறுதி ஆள் வரை பட்டினியால் மடியச் செய்தனர் என்பது கதை. அக்காலத்து ஆவணம் எதுவும் அத்தகைய முற்றுகையைக் கூறவில்லை. மேலும், அவ்வாறு அழிந்தொழிந்ததாகக் கூறப்படும் இலினியர் 1832 இல் எஞ்சிய நிலத்தையும் ஒப்பந்தத்தால் இழந்து மேற்கே கன்சாசுக்கும் பின்னர் ஒக்லகோமாவுக்கும் சென்றனர். பியோரியா இனத்தார் இன்றும் அங்கே வாழ்கின்றனர். கதை எவரையும் வேண்டுமென்றே ஏமாற்றப் புனைந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. பூர்வகுடியினரிடையேயும் அது வழங்கியிருக்கலாம். எனினும் குடியேறிகளிடையே அது பெற்ற செல்வாக்குக்குக் காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பூர்வகுடிகள் தம்முள்ளே பொருது தாமே மறைந்தனர் என்றால், நிலம் வெறுமையாகக் கிடைத்தது என்பதே பொருள். வாங்கியவர்மீது பழி இல்லை.

அவ்வாறு சொல்ல இயலாத ஓரிடம் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உண்டு. மிசிசிப்பியுடன் றொக் ஆறு கலக்குமிடத்தில் சோக் இனத்தாரின் தலைநகராகிய சோக்கினக் இருந்தது. பல ஆயிரம் மக்கள் வாழ்ந்த அவ்வூரைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஏக்கரிற் பெண்கள் சோளம் பயிரிட்டனர். மழைப்பனிக் காலத்தில் வேட்டைக்காக மேற்கே செல்வதும் வசந்தத்தில் மீண்டு வந்து விதைப்பதும் அவர்தம் வழக்கம். 1804 இற் சென் லூயிஸ் நகரில் ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹரிசன், சோக், மெஸ்குவாக்கி இனங்களின் சார்பில் வந்ததாகக் கொள்ளப்பட்ட சிலரிடம் ஒப்பந்தம் ஒன்றிற் குறியிடுவித்தார். ஏறத்தாழ ஐந்து கோடி ஏக்கர் நிலத்துக்கு ஈடாக 2,234 டொலர் பெறுமதியான பொருள்களும் ஆண்டுதோறும் ஆயிரம் டொலரும் பேசப்பட்டன. அவர்கள் நிலம் விற்கச் செல்லவில்லை, சிறைப்பட்ட ஒருவனை மீட்கவே சென்றனர் எனப் பிளாக் ஹோக் என்ற சோக் வீரர் பின்னாளிற் கூறினார். ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவின்படி, நிலம் தனியாருக்கு விற்கப்படும்வரை அவர்கள் அங்கே வாழலாம். இருபத்தைந்து ஆண்டுகள் அப்பிரிவு உறங்கிற்று. 1820களின் இறுதியில், வேட்டைக்குச் சென்று மீண்டவர்கள் தம் குடில்களில் வெள்ளையர் குடியிருக்கக் கண்டனர். 1831 இல் மாநிலப் படையினர் ஊரைத் தீயிட்டு அழித்தனர்.

1832 ஏப்பிரலில், அறுபத்தைந்து வயதான பிளாக் ஹோக் ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் மிசிசிப்பியைக் கடந்து மீண்டார். அவருள் முதியோரும் பெண்களும் குழந்தைகளும் அடங்குவர். இவ்வாறு குடும்பத்தோடு வருவது படையெடுப்பாகாது என்பது பல ஆய்வாளரின் கருத்து. மே 14 ஆம் நாள், சமாதானம் பேச வெள்ளைக் கொடியுடன் அனுப்பப்பட்டோரை ஸ்டில்மனின் படையினர் சுட்டதோடு போர் மூண்டது. ஆகஸ்ட் 1, 2 ஆம் நாள்களில், இன்றைய விஸ்கொன்சின் மாநிலத்தில் பாட் அக்ஸ் என்னுமிடத்தில் அது முடிந்தது. மிசிசிப்பியை மீண்டும் கடந்து ஓட முயன்றோர், பின்னால் துரத்திய படைக்கும் ஆற்றில் நின்ற பீரங்கிக் கப்பலுக்கும் இடையே அகப்பட்டனர். ஏப்பிரலில் ஆற்றைக் கடந்தோருள் மிகச் சிலரே உயிர் தப்பினர். பிளாக் ஹோக் சிறைப்பட்டுக் கிழக்கு நகரங்களுக்குக் காட்சிப்பொருளாகக் கொண்டு செல்லப்பட்டார். 1833 இல் மொழிபெயர்ப்பாளர் வாயிலாக அவர் சொல்ல எழுதப்பட்ட தன்வரலாறு, தோற்றவரின் நோக்கில் அப்போரை உரைக்கும் அருஞ்சான்றாகும். மொழிபெயர்த்தவரின் கையும் பதிப்பித்தவரின் கையும் அதிற் கலந்துள்ளன என்பதை மறத்தலாகாது. 1838 இல் அவர் அயோவாவில் இறந்தார். மறு ஆண்டே கல்லறையிலிருந்து அவர் எலும்புகள் திருடப்பட்டன; மீட்கப்பட்டு ஓர் அரும்பொருட் சங்கத்தில் வைக்கப்பட்டபின், 1855 இல் அக்கட்டடத்தோடு எரிந்து போயின.

இனிச் சிற்றெழுத்தைப் பார்க்கலாம். சோக்கினக்கின் காவற்குன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ட்ராம் வண்டிக் கம்பனியொன்றின் களியாட்டுத் திடலாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளுக்குப் பயணிகள் வேண்டும். அதற்காகச் சரிவிலிருந்து ஆற்றுக்குள் வழுகி விழும் படகும், ஆடரங்கும், இசைநிகழ்ச்சியும் ஏற்பாடாயின. சோக் மக்கள் எதிரியின் வரவை நோக்கிய குன்றின்மேல் நகரமாந்தர் பனிக்குழை உண்டு மகிழ்ந்தனர். மோட்டார் வண்டி பெருகி ட்ராமின் செல்வாக்கு மங்கியபின், 1927 இல் மாநிலம் நிலத்தை வாங்கி அதற்குப் பிளாக் ஹோக்கின் பெயரையே சூட்டியது. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது வேலையற்ற இளைஞருக்கெனச் சனாதிபதி ரூஸ்வெல்ற் அமைத்த குடிசார் காப்புப் படையினர் அங்கே கல்லாலும் மரத்தாலும் ஒரு மனை கட்டினர். அதனுள் சோக், மெஸ்குவாக்கி மக்களின் வாழ்க்கையைக் காட்டும் அரும்பொருளகம் உள்ளது. இலினோயின் பூங்காக்களிற் காணும் நடைபாதைகளும் பாலங்களும் தங்குமனைகளும் பெரும்பாலும் அப்படையினரின் கைவேலையே. பட்டினிப்பாறையின் விடுதியும் அவ்வாறானதே. நினைவுச் சின்னங்களுக்கு மாநிலம் அதிகம் உழைத்தது செல்வம் கொழித்த காலத்திலன்று, வறுமை வாட்டிய காலத்தில்.

றொக் ஆற்றின் வழியே மேலே சென்றால், ஒரிகன் என்ற சிற்றூரருகே கைகட்டி நின்று ஆற்றை நோக்கும் பேருருவம் தெரியும். லொராடோ டாவ்ற் என்ற சிற்பி கொங்கிறீற்றில் வார்த்து 1911 இல் திறந்துவைக்கப்பட்ட இச்சிலை 48 அடி உயரமுடையது. அனைவரும் அதனைப் பிளாக் ஹோக் என்றே அழைக்கின்றனர். சிற்பியோ எந்தத் தனிமனிதரையும் கருதவில்லை. ஓவியரும் எழுத்தாளருமான தம் நண்பர்கள் மாலைவேளைகளில் அப்பாறைமேற் கைகட்டி நின்று காட்சியை நோக்கும் நிலையே அவருக்குக் கரு. ‘என்றுமுள்ள இந்தியன்’ எனப் பெயரிட்டார். உயிரோடிருந்தபோது நிற்க இடமளிக்காத மண்ணில் அதே இனத்தவனுக்கு என்றுமுள்ள தன்மை வழங்கப்பட்டதை ஒருவர் வஞ்சப்புகழ்ச்சி என்றும் கொள்ளலாம். எழுபத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின் எழுந்த நாணத்தின் வெளிப்பாடு என்றும் கொள்ளலாம். இரண்டிலும் உண்மை உண்டு.

அதே 1832 இல், மாநிலத்தின் நடுப்பகுதியில் நியூ சேலம் என்ற குக்கிராமத்திலிருந்து ஒரு தொண்டர் படை புறப்பட்டது. அதன் வீரர் தம் தலைவராகத் தெரிந்தெடுத்தது இருபத்துமூன்று வயதுக் கடைச்சிப்பந்தி ஒருவரை. அவர் ஆபிரகாம் லிங்கன். ஏறத்தாழ எண்பது நாட்கள் சேவை செய்தும் அவர் சமர் எதனையும் கண்டிலர். 1848 இற் காங்கிரசில் உரையாற்றியபோது, தாம் அப்போரிற் குருதி சிந்தியது நுளம்புகளோடு பொருததனாலேயே என எள்ளலாகக் கூறினார். மாநிலத்தின் பெருமையாகிய மனிதரையும் அதன் பெருங்குறையாகிய போரையும் ஒரே ஆண்டு பிணைத்து வைத்திருக்கின்றது. நியூ சேலம் பூங்காவைக் காண வருவோர் இப்பிணைப்பைத் தாமே தேடியறிதல் வேண்டும். மரக்குடில்களின் அழகு அதனை எளிதில் மறைத்துவிடுகின்றது.

1831 முதல் 1837 வரை லிங்கன் இக்கிராமத்தில் வாழ்ந்தார், கடை நடத்தி நட்டப்பட்டார், தபாலதிபராக இருந்தார், நில அளவை கற்றார், சட்டம் படித்தார். அவர் சென்ற சில ஆண்டுகளில் ஊரே கலைந்து புல் மூடிப் போயிற்று. 1906 இற் செய்தித்தாள் அதிபர் வில்லியம் ரண்டொல்ப் ஹியர்ஸ்ற் அந்நிலத்தை வாங்கி நினைவுக்கென அளித்தார். 1919 இல் அது மாநிலத்துக்கு உரியதாயிற்று. இன்று அங்கே நிற்கும் இருபதுக்கு மேற்பட்ட கட்டடங்களுள் லிங்கன் கண்டது பீப்பாய் செய்வோரின் பட்டறை ஒன்றே. மற்றையவை 1930களில் பழைய அத்திவாரங்களின்மேல் எழுப்பப்பட்டவை. இதனைப் போலி எனத் தள்ளுதல் தகாது. எது பழையது, எது புதியது என்பதைப் பூங்கா மறைக்கவில்லை. ஆனால் கலைந்துபோன வெள்ளையர் கிராமம் ஒன்றைத் தூண் தூணாக மீட்டெடுத்த அதே பத்தாண்டுகளில், சோக்கினக்கின் குடில்களுள் ஒன்றையேனும் அவ்வாறு மீட்க எவரும் முனையவில்லை என்பது நோக்கற்பாலது.

பூங்காக்களினும் வழித்தடங்கள் நேர்மையானவை எனத் தோன்றுகின்றது. பூங்கா ஓரிடத்திற் சுற்றிவளைத்து அழகுபடுத்தத்தக்கது. தடமோ ஒருவர் எங்கிருந்து எங்கே சென்றார் என்ற வினாவை எழுப்பாமல் விடாது. 1838-39 ஆம் ஆண்டு மாரியில், ஜோர்ஜியாவிலும் அயல் மாநிலங்களிலுமிருந்து வெளியேற்றப்பட்ட செரோக்கி மக்கள் தென் இலினோயைக் கடந்தனர். கொல்கொண்டாவில் ஓகியோ ஆற்றைக் கடந்து மேற்கு நோக்கி அறுபது மைல் நடந்தால் மிசிசிப்பி. பனிக்கட்டி மிதந்த மிசிசிப்பியைத் தோணிகள் கடக்க முடியாமையால், ஆயிரக்கணக்கானோர் இரு ஆறுகளுக்கும் இடையே வாரக்கணக்கிற் குளிரில் தங்கினர். வெளியேற்றப்பட்ட ஏறத்தாழப் பதினாறாயிரம் செரோக்கியருள் நாலாயிரம் பேர்வரை முகாம்களிலும் வழியிலும் இறந்தனர் என்பது வழமையான கணிப்பு. ஜோன்ஸ்பரோவுக்கு அருகில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை மாநிலம் 1929 அளவிற் பொறுப்பேற்றபோது அது மரவளம் கருதியே. ‘கண்ணீர்த் தடம்’ என்ற பெயர் பின்னர் வந்தது. 1987 இல் முழு வழியும் தேசிய வரலாற்றுத் தடமாக அறிவிக்கப்பட்டது. இன்று அக்காட்டில் நடப்போர் கருவாலி மரங்களையும் பறவைகளையும் காண்கின்றனர். கல்லறைகள் என்று சுட்ட அங்கே பெரிதாக எதுவுமில்லை. நடந்து சென்றோர்க்குக் கல் நாட்ட நேரமிருக்கவில்லை.

வடக்கேயுள்ள மற்றொரு தடம் இதற்கு நேர்மாறான உணர்வைத் தருவது. சிக்காகோவின் பிரிட்ச்போர்ட்டிலிருந்து லா சால் வரை 96 மைல் நீளமான இலினோய்-மிச்சிகன் கால்வாய், மிச்சிகன் ஏரியை மிசிசிப்பி ஆற்றுத் தொகுதியோடு இணைத்தது. 1836 இல் தொடங்கி 1848 இல் முடிந்த இவ்வேலையிற் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளர் ஈடுபட்டனர். அறுபது அடி அகலமும் ஆறு அடி ஆழமும் கொண்ட வாய்க்காலை மண்வெட்டியாலும் வெடிமருந்தாலும் அகழ்ந்தனர். மாநிலக் கருவூலம் வறண்டபோது கூலிக்குப் பதில் கடன்சீட்டு வழங்கப்பட்டது. மலேரியாவும் வாந்திபேதியும் எத்தனை பேரைக் கொண்டன என்பதற்குச் சரியான கணக்கில்லை. பயனோ கணக்குக்கு உட்பட்டது. 1840 இல் 4,470 ஆக இருந்த சிக்காகோவின் மக்கட்டொகை 1850 இல் முப்பதாயிரத்தை எட்டிற்று. ஐந்தாறு ஆண்டுகளில் புகையிரதம் பயணிகளைக் கவர்ந்துகொள்ள, சரக்கு மட்டும் மேலும் பல ஆண்டுகள் கோவேறு கழுதைகள் இழுக்கப் படகிற் சென்றது. 1933 இற் கால்வாய் மூடப்பட்டது. 1984 இற் காங்கிரசு அதனை நாட்டின் முதலாவது தேசிய மரபுரிமை வழித்தொடராக அறிவித்தது. கழுதைகள் நடந்த கரைப்பாதையில் அறுபது மைல் அளவுக்கு இன்று சைக்கிளோட்டிகளும் நடையாளரும் செல்கின்றனர்.

கால்வாய் வெட்டுவதற்குரிய நிலம் எவ்வாறு கிடைத்தது? 1816 இற் சென் லூயிஸ் நகரில் ஒட்டாவா, சிப்பவா, பொட்டவாட்டமி இனத்தாரோடு செய்த ஒப்பந்தம் ஒன்றால் அந்நிலப்பட்டை பெறப்பட்டது. எஞ்சிய நிலமும் 1833 ஆம் ஆண்டுச் சிக்காகோ ஒப்பந்தத்தால் அவர்கள் கைவிட்டுப் போயிற்று. கரைப்பாதை மொரிஸ் நகரைக் கடந்து செல்கின்றது. அந்நகரத்து மயானத்தில், ‘ஷாபனா’ என்று பொறிக்கப்பட்ட பெருங்கல் ஒன்று உள்ளது. பொட்டவாட்டமித் தலைவராகிய ஷாபனா பிறப்பால் ஒட்டாவா. 1813 வரை வெள்ளையரை எதிர்த்துப் பொருதவர். பின்னர் எதிர்ப்பு வீண் எனக் கண்டவர். 1832 இற் பிளாக் ஹோக்கோடு சேர மறுத்ததோடு, குதிரையேறிச் சென்று வெள்ளைக் குடியேறிகளை எச்சரித்து அவர்களுட் பலரைக் காத்தார். குடியேறிகள் அவரை ‘வெள்ளையரின் நண்பர்’ என்றனர். 1829 இற் பிரெரி டு சீன் ஒப்பந்தம் அவருக்கென 1,280 ஏக்கரை ஒதுக்கியது. 1849 இல் அவர் கன்சாசில் இருந்த தம் மக்களைக் காணச் சென்றிருந்த வேளையில் அரசின் காணி அலுவலகம் அந்நிலத்தை ஏலத்தில் விற்றது. மீண்டு வந்த முதியவருக்கு அநுதாபிகள் சிலர் கால்வாயின் அண்மையில் இருபது ஏக்கர் வாங்கிக் கொடுத்தனர். 1859 இல் அங்கேயே இறந்தார். எதிர்த்த பிளாக் ஹோக்கும் இணங்கிய ஷாபனாவும் நிலத்தைப் பொறுத்தவரை ஒரே முடிவையே அடைந்தனர்.

டிகால்ப் மாவட்டத்தில், அணை கட்டி உண்டாக்கிய ஏரி ஒன்றைச் சூழ ஷாபனா ஏரிப் பூங்கா என்ற பெயரில் ஒரு மாநிலப் பூங்கா உண்டு. ஏறத்தாழ 1,500 ஏக்கர். மீன்பிடிப்போரும் கூடாரமிட்டுத் தங்குவோரும் வார இறுதிகளில் நிறைவர். தலைவரின் பெயரை ஏற்ற அப்பூங்கா, அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தின் கணிசமான பகுதியையும் தன்னுள் அடக்கியிருந்தது. பெயர் அவருடையது, நிலம் மாநிலத்தினுடையது என்ற நிலை பல்லாண்டு நீடித்தது. கன்சாசில் வாழும் பிரெரி பாண்ட் பொட்டவாட்டமி மக்கள், ஒப்பந்தத்தால் ஒதுக்கிய நிலத்தைக் காங்கிரசின் இசைவின்றி எந்த அலுவலகமும் விற்க இயலாது, ஆகவே 1849 ஆம் ஆண்டு ஏலம் செல்லாது என வாதாடி வந்தனர். அந்நிலத்தின் எல்லைக்குள் 130 ஏக்கரைத் தம் பணத்தாலேயே விலைக்கு வாங்கினர். 2024 இல் மத்திய உள்நாட்டமைச்சு அவ்வேக்கர்களை அவர்களுக்காகப் பொறுப்பேற்றது. அதன் பயனாக, இலினோய் மாநிலத்தில் மத்திய அரசு அங்கீகரித்த பூர்வகுடி நிலம் முதன்முறையாக உண்டாயிற்று. 2025 மார்ச்சில் மாநில ஆளுநர், பூங்காவையும் அம்மக்களுக்கு உரிமையாக்க வழிசெய்யும் சட்டத்திற் கையொப்பமிட்டார்.

1849 இல் ஏலமிடப்பட்ட நிலத்தின் மற்றைய பகுதிகளிற் பல குடும்பங்கள் தலைமுறைகளாக வீடு கட்டி வாழ்கின்றன. அவர்களை எழுப்பும் எண்ணம் தமக்கில்லை என்று பொட்டவாட்டமியர் கூறியுள்ளனர். சட்டத்தின்படி பூங்கா பொதுமக்களுக்குத் திறந்தேயிருக்கும். படகுத்துறையும் நடைபாதைகளும் கூடாரமிடும் திடலும் முன்போலவே பயன்படும். அவற்றைப் பராமரிப்பது குறித்து மாநிலமும் பொட்டவாட்டமியரும் தனியே உடன்படிக்கை செய்துகொள்வர்.